தலைக்கு ஒரு சுற்று

சத்தியமாகச் சொல்கிறேன், கோயில் கொடிமரத்தின் மேல் சத்தியம், கடல் மேல் சத்தியம், என் இரண்டு கண்ணின் மேல் சத்தியம், நாற்பது வருஷமாக இந்த ஊருக்குப் பாட்டுப் போடும் என் குழாய் ஒலிபெருக்கியின் மேல் சத்தியம், இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது, இருந்தால் என் நாக்கு கருவாடாகக் காய்ந்துபோகட்டும். திமிங்கலம் ஒன்று கரையேறி வந்து பாவசங்கீர்த்தனம் செய்த கதையைக் கட்டிவிட்டவன் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். கலங்கரை விளக்கத்துக்குக் கடைவாய்ப் பல் முளைத்ததும் என் கைவேலைதான். அதெல்லாம் வேறு. இது நடந்தது. நீங்கள் வெளியூர், கிறிஸ்துமஸ் குடில் பார்க்க வந்தவர்கள், கொஞ்சம் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போங்கள்.

என் பெயர் இஞ்ஞாசி. பெரியகல்துறையில் கல்யாணமோ அடக்கமோ திருவிழாவோ எதுவானாலும் குழாய் கட்டிப் பாட்டுப் போடுகிறவன். ஒரு வருஷம் நவம்பர் கடைசியில் கோயிலுக்கு ஒரு பார்சல் வந்தது. முப்பது வருஷம் எங்கள் ஊரில் இருந்துவிட்டு, சாகிறதற்கு மட்டும் சொந்த நாட்டுக்குப் போன வெள்ளைக்காரச் சாமியாரின் தங்கச்சி அனுப்பியது அது. உள்ளே ஒரே ஒரு இசைத்தட்டு. அதன் அட்டையில், மூடி திறந்த ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் பித்தளை உருளை, உருளை முழுக்க முள்முள்ளாக ஆணி, ஆணி பட்டு அதிர்வதற்கு எஃகுச் சீப்பு, பக்கத்தில் ஒரு சாவி. கூட வந்த கடிதத்தைப் பங்குச்சாமியார் வாசித்துச் சொன்னார்: அந்த நாட்டில் பெரிய வீடுகளில் இருநூறு வருஷமாகக் கிடக்கும் இசைப்பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சாவி கொடுத்து ஓடவிட்டு, அவை வாசித்த கிறிஸ்து பிறப்புப் பாட்டுகளை இந்தத் தட்டில் பிடித்திருக்கிறார்கள்; கடைசிப் பெட்டியை ஓட்டும் சுருள்வில்லுக்குப் பலமில்லை, அதனால் கடைசிப் பாட்டு இரண்டு சுரம் மிச்சமிருக்கையில் நின்றுபோகும், அது தட்டின் கோளாறு அல்ல.

போட்டுப் பார்த்தேன். "என்ன சாமி இது, கொலுசை உரல்ல போட்டு இடிச்ச மாதிரி இருக்கு" என்றேன்.

"செத்துப்போன மனுஷன் ஆசையா குடுத்தது, இஞ்ஞாசி. கிறிஸ்துமஸ் வரைக்கும் தினமும் விடியக்காலம் போடுங்க" என்றார்.

டிசம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து போட்டேன். மணிக்கூண்டு உச்சியில் கட்டிய குழாயிலிருந்து அந்தச் சிணுங்கல் புறப்பட்டுக் கூரைகள்மேல் இறங்கி, கட்டுமரங்கள்மேல் நடந்து, கடலில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் இடையில் யாரோ சாவி கொடுக்கிற சத்தமும் தட்டில் பிடிபட்டிருந்தது, கிர்ர், கிர்ர், கிர்ர் என்று. பாட்டைவிட அதுதான் ஊர் முழுக்கத் தெளிவாகக் கேட்டது.

மூன்றாம் நாள் குழாயை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுத்துக்கொண்டிருந்த என் மனைவி பிரகாசி, அடுப்பைப் பார்த்தபடியே முதுகை என் பக்கம் காட்டினாள்.

"இங்கேருங்க, முதுகுல என்னமோ குத்துது. ரவிக்கை மாட்ட முடியல. என்னன்னு பாருங்க."

பார்த்தேன். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், மச்சம் இருக்கிற மாதிரி இயல்பாக ஒரு பித்தளைச் சாவி இருந்தது, பட்டாம்பூச்சி இறக்கை விரித்தது போன்ற பிடியோடு. தொட்டேன். உடம்புச் சூடு இருந்தது.

"சாவிட்டி" என்றேன்.

"எந்தச் சாவி?"

"தெரியல. திருகிப் பாக்கட்டா?"

"என்னத்தையாவது செய்ங்க, பயறு கரியுது."

மூன்று சுற்றுச் சுற்றினேன். தட்டில் கேட்ட அதே கிர்ர். பிரகாசி பயறை இறக்கி, திரித்து, சலித்து, வெல்லப் பாகு காய்ச்சி, உருண்டை பிடித்து அடுக்கிவிட்டு நிமிர்ந்தபோது நான் பல் விளக்கி முடித்திருக்கவில்லை.

அன்று மத்தியான மணி அடிப்பதற்குள் ஊரில் வேலை செய்கிற பெண்கள் எல்லோருடைய முதுகிலும் சாவி வந்துவிட்டது, வலை பின்னுகிறவளுக்கு, மீன் சுமக்கிறவளுக்கு, மருமகளுக்கு, மாமியாருக்கு, சாமியாருக்குச் சமைக்கிற அக்காளுக்கு, மடத்துக் கன்னியர் ஒன்பது பேருக்கும், மூத்த கன்னியர் மட்டும் தனக்கு இல்லை என்று மூன்று நாள் சாதித்து நாலாம் நாள் படிக்கட்டில் பாதியில் நின்றுபோய் மாட்டிக்கொண்டார். ஆண்களில் ஒருவருக்கும் வரவில்லை. தப்பு, ஒருவருக்கு வந்தது. மணி அடிக்கிற கோயில்பிள்ளை சவரிமுத்து, கல்யாணம் ஆகாதவர், படுத்த படுக்கையாய்க் கிடந்த தாய்க்குப் பதினோரு வருஷம் சமைத்துத் துவைத்துப் பீத்துணி அலசியவர், அவர் முதுகில் சின்னதாக ஒன்று முளைத்திருந்தது, வெட்கத்தில் மே மாத வெயிலிலும் சட்டையைக் கழற்றாமல் திரிந்தார்.

ஊர் பயந்தது என்றா நினைக்கிறீர்கள்? ஒரு பகல்கூடப் பயப்படவில்லை. தையல்காரன் அன்று சாயங்காலமே முதுகில் பிளவு விட்ட ரவிக்கை தைத்துத் தொங்கவிட்டான். இந்தச் சாவியைப் பற்றி ஞானோபதேசப் புத்தகத்தில் ஒன்றும் இல்லாததால் இது பாவமும் இல்லை, வரமும் இல்லை என்று பங்குச்சாமியார் பிரசங்கம் வைத்து, உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் இருக்கத் தேங்காயெண்ணெய் தடவச் சொன்னார். பன்னிரண்டு சுற்றுக் கொடுத்தால் மத்தியானம் வரை ஓடுவாள், இருபது கொடுத்தால் பொழுது சாயும் வரை என்று ஆண்கள் கணக்குக் கண்டுபிடித்து, கடற்கரையில் வலை உலர்த்தும்போது ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டார்கள், உம்ம வீட்டுல எத்தனவே, என் வீட்டுல பதினாறுதான், உம்ம வீட்டுச் சாமான் பழசு, அப்படித்தான் இழுக்கும். சாவி வருவதற்கு முன்னால் இவர்கள் இத்தனை வருஷம் எப்படி ஓடினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு சங்கடம் இருந்தது. தன் முதுகுச் சாவி தன் கைக்கு எட்டாது. அதனால் பெண்கள் குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, தாங்களும் வரிசையாக நின்று, முன்னால் நிற்கிறவளுக்குப் பின்னால் நிற்கிறவள் என்று சுற்றிக்கொண்டு, எதற்கென்று தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்புச் சத்தம் ஊர்த்தலைவர் கஸ்பாருக்குப் பிடிக்கவில்லை. ஊர்க்கூட்டம் போட்டான். ஒரு வீட்டுச் சாவியை மறுவீட்டார் தொடக்கூடாது, புருஷன் சுற்ற வேண்டும், புருஷன் இல்லாதவளுக்கு மகன், இரண்டுமில்லாதவளுக்கு ஊர் தீர்மானிக்கும் என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். இரண்டுமில்லாதவள் எங்கள் பக்கத்து வீட்டு அமலோற்பவம், புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள், பிள்ளை இல்லாதவள். ஊர் தீர்மானிக்க மறந்துவிட்டது. பிரகாசிதான் தினமும் காலையில் கொல்லைச் சுவருக்கு மேலே கையை நீட்டி அவளுக்குத் திருட்டுத்தனமாகச் சுற்றிவிடுவாள். எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது பிரகாசி என்னிடம் ஒன்று கேட்டாள். கல்யாணம் ஆகி முப்பத்தொரு வருஷத்தில் அவள் எனக்காகவோ பிள்ளைகளுக்காகவோ இல்லாமல் தனக்காகக் கேட்டது எனக்கு நினைவில் இருப்பது இது ஒன்றுதான்.

"கிறிஸ்துமஸ் அன்னைக்கு மட்டும் என்னைச் சுத்தாதீங்க."

"ஏன்?"

"சுத்தலன்னா நின்னு போறேனா, இல்ல நானாவே நடக்கேனான்னு பாக்கணும்."

"பாத்து?"

"பாத்து ஒண்ணுமில்ல. எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸ் காலையில் பூசை முடிந்து பாட்டுக்குழு வீடு வீடாகப் போகும், கடைசியாக எந்த வீட்டில் பாடுகிறார்களோ அந்த வீடு அவர்கள் அறுபது பேருக்கும் மத்தியானச் சோறு போட வேண்டும், அந்தச் சோறு அந்த வீட்டு அடுப்பிலேயே வெந்திருக்க வேண்டும். அந்த வருஷம் கடைசி வீடு எங்கள் வீடு. பிள்ளைகள் இரண்டும் வெளியூரில். பிரகாசி அதற்கும் வழி செய்துவைத்திருந்தாள், அமலோற்பவமும் தெருப் பெண்களும் ஆளுக்கு ஒரு சட்டி கொண்டுவருவதாகப் பேசியிருந்தாள். சரி, சுற்றவில்லை என்றேன். கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். மனசாரத்தான் செய்தேன்.

மறுநாள் கஸ்பார் கடற்கரையில் நாலு பேர் முன்னால் கேட்டான்: "என்னவே இஞ்ஞாசி, இந்த வருஷம் கடைசி வீட்டுல பிச்சைச் சோறாமே? வீட்டுக்கு ஒரு சட்டி எடுக்கியளாமே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு வீட்டுக்கு வந்தும் என் வாயில் ஒட்டிக்கொண்டே இருந்தது, கொப்பளித்தும் போகவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று விடிகிற நேரம். தட்டைப் போடப் புறப்பட்டவன் திரும்பிப் பார்த்தேன். பிரகாசி பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், முதுகு என் பக்கம், பிளவு விட்ட ரவிக்கையில் சாவி எண்ணெய் மினுமினுப்போடு இருந்தது. இருபது கொடுத்தால் பொழுது சாயும் வரை ஓடும், அது ஒரு வீட்டுச் சோற்றுக்கு. அறுபது பேர் சாப்பிட வேண்டும். எனக்கு அப்போது நியாயமாகத் தோன்றியதைச் சொல்கிறேன், தலைக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டேன். முப்பதுக்குப் பிறகு இறுகியது. நாற்பதுக்குப் பிறகு இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஐம்பதுக்குப் பிறகு முழங்காலை ஊன்றிக்கொண்டேன். அறுபதாவது சுற்றில் உள்ளே எதுவோ நகம் ஒடிகிற மாதிரி மெல்ல ஒடிந்தது.

பிரகாசி எழுந்தாள். எழுந்ததை நான் பார்க்கவில்லை, படுத்திருந்தவள் அடுப்படியில் இருந்தாள். உலை வைத்தாள், வைத்த கையோடு வடித்தாள், அறுபது பேருக்குச் சோறு, குழம்பு, கறி, பாயசம் எல்லாம் இறக்கி மூடிவிட்டு நிற்காமல் அடுத்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு மாவு இடித்தாள், அதற்கடுத்த வருஷத்துக்கும் இடித்தாள், வீட்டைக் கூட்டினாள், தெருவைக் கூட்டினாள், கூட்டிக்கொண்டே கடற்கரை வரை போய்த் திரும்பினாள், செத்துப்போன என் தகப்பனாரின் வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துவைத்து உலர்த்தி மடித்து வைத்தாள், இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தாள், அவர்களுக்கு வரப்போகும் காய்ச்சலுக்குக் கசாயம் வைத்து ஆற்றினாள், எனக்கு வரப்போகும் கிழட்டு நோவுக்குத் தைலம் காய்ச்சிப் புட்டியில் ஊற்றினாள், கடைசியில் என் பிரேதத்துக்குப் போடவேண்டிய வெள்ளைச் சட்டையைக்கூட இஸ்திரி போட்டுப் பொத்தான் தைத்துக் கொடியில் தொங்கவிட்டாள், இன்னும் முப்பது வருஷத்துக்கு அவள் செய்யவேண்டியிருந்த அத்தனையையும் மணி பதினொன்று ஆவதற்குள் செய்து முடித்தாள். கையும் காலும் அப்படி ஓடின, கண் மட்டும் ஓடவில்லை. எந்தப் பக்கம் போனாலும் கண் என் மேலேயே நின்றது. என்னைக் கடக்கும்போது என்னமோ சொன்னாள், அந்த வேகத்தில் அது குருவிச் சத்தமாகத்தான் காதில் விழுந்தது. மூன்று நாள் கழித்துத் தனியாக உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தச் சத்தம் என் காதுக்குள்ளேயே மெதுவாகப் பிரிந்தது: ஒருநாள்தானே கேட்டேன்.

பிறகு அடுப்புக்கு முன்னால் முழங்காலிட்டு, பானையைத் தூக்கப் போகிறவள் மாதிரி இரண்டு கையையும் நீட்டினாள். அவள் நெஞ்சுக்குள்ளிருந்து முதல் தடவையாக ஒரு பாட்டு வந்தது, அந்தத் தட்டின் கடைசிப் பாட்டு, முதலில் வேகமாக, பிறகு சாதாரணமாக, பிறகு ஒவ்வொரு சுரமாக. இரண்டு சுரம் மிச்சம் இருக்கையில் நின்றது.

சாவியைத் திருகினேன். தடையே இல்லாமல் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது.

பாட்டுக்குழு வந்தது. பாடினார்கள். சாப்பிட்டார்கள். இந்த மாதிரிக் குழம்பு எந்தக் கடைசி வீட்டிலும் சாப்பிட்டதில்லை என்றார்கள். பரிமாறுவதற்கு ஆளில்லையே என்று ஒருவர் மட்டும் குறைப்பட்டார்.

சாயங்காலம் ஊர்க்கூட்டம். கஸ்பார் கேட்டான், யார் சுற்றியது, எத்தனை சுற்று என்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று, கொடிமரத்தின் மேல் சத்தியம், கடல் மேல் சத்தியம், என் இரண்டு கண்ணின் மேல் சத்தியம், நான் தொடவில்லை, கொல்லைச் சுவரில் கைவிட்டுச் சுற்றிவிளையாடுகிறவள் அமலோற்பவம்தான் என்றேன். ஆமாம், இன்றைக்குச் சொன்ன அதே சத்தத்தில்தான் சொன்னேன். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு உரக்கச் சத்தியம் செய்யவேண்டியதாகிவிட்டது.

அமலோற்பவம் மறுத்துப் பேசவில்லை. என்னைப் பார்த்து, "இஞ்ஞாசியண்ணே, உங்க குழாய்ச் சத்தம் பெருசு. நான் எவ்வளவு கத்துனாலும் அதுக்கு மேல கேக்காது" என்றாள்.

குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வரை அவள் சாவியை யாரும் தொடக்கூடாது என்று தீர்ப்பு. பெண்கள் ஒருத்தியும் என்னை நம்பவில்லை, ஆனால் அவர்கள் சாவி அவரவர் புருஷன் கையில் இருந்தது. அமலோற்பவம் தன்னிடம் மிச்சமிருந்ததைச் சிக்கனமாக வைத்துப் பன்னிரண்டு நாள் ஓட்டினாள், பேச்சைக் குறைத்தாள், உட்காருவதைக் குறைத்தாள், எழுந்திருக்கச் செலவாகும் என்று. மூன்று ராஜாக்கள் திருநாளன்று குழாயடிப் படியில், இடுப்பில் குடத்தோடு, ஒரு கால் கீழ்ப்படியிலும் ஒரு கால் மேல்படியிலுமாக நின்றாள். நின்றாள் என்றால் நின்றேவிட்டாள்.

செத்தார்கள் என்று சொல்ல முடியவில்லை, உடம்பு கெடவில்லை, கன்னத்தில் நிறம் போகவில்லை. அடக்கம் செய்யச் சாமியாருக்கு மனம் வரவில்லை, வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அப்போதுதான் கஸ்பார் சொன்னான், குடிலில் இருக்கும் மாதா சுரூபத்துக்குப் புயலில் மூக்கு உடைந்து கிடக்கிறதே என்று. ஒரு வருஷத்துக்கு மட்டும் தற்காலிகமாக என்று சாமியார் ஒத்துக்கொண்டார். அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பிரகாசிக்கு நீல முக்காடு போட்டு வைக்கோல் பரப்பிய முன்னணைக்கு முன்னால் வைத்தார்கள், முழங்காலிட்டு இரண்டு கையையும் நீட்டியபடி, பாலனைத் தூக்கப் போகிறவளாகக் கச்சிதமாகப் பொருந்தினாள். அமலோற்பவம் பெத்லகேமில் தண்ணீர் எடுத்து வருகிறவள். அதன் பிறகு எங்கள் குடிலுக்குப் பெயர் வந்தது, பக்கத்து மாவட்டத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள், நீங்களும் வந்திருக்கிறீர்கள். அந்தக் கண்ணில் எப்படி இவ்வளவு உயிர் வைத்தான் சிற்பி என்று நேற்றுக்கூட ஒருவர் என்னிடம் கேட்டார். இருபது சுற்றுக்கு மேல் கூடாது என்று ஊர் ஒரு விதி சேர்த்துக்கொண்டது. மற்றபடி எல்லாம் பழையபடிதான், தட்டு தேய்ந்தாலும் ஒவ்வொரு டிசம்பரும் நான்தான் போடுகிறேன்.

பிரகாசி செய்துவைத்துவிட்டுப் போனது எத்தனை நாள் வரும்? அடுத்த ஆடியில் தீர்ந்தது. கஞ்சி வைக்கப் படித்தேன், துவைக்கப் படித்தேன், கூட்டிப் பெருக்கப் படித்தேன். ஒருநாள் குனிந்து நிமிரும்போது முதுகில் என்னமோ குத்தியது. நம்பவில்லையென்றால் சட்டையைத் தூக்கிப் பாருங்கள். கோயில்பிள்ளை சவரிமுத்து இருந்தவரை நாங்கள் இருவரும் மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒளிந்து ஒருவருக்கொருவர் சுற்றிவிட்டுக்கொண்டோம். அவர் போன தபசுகாலத்தில் இறந்துவிட்டார், கடைசியாக அவர் எனக்குக் கொடுத்ததை வைத்துத்தான், அமலோற்பவத்திடம் கற்றுக்கொண்ட சிக்கனத்தோடு, இதுவரை வந்திருக்கிறேன். இந்த ஊரில் இனி யாரிடம் போய் முதுகைக் காட்டுவேன்? நேற்றுக் குழாயைத் தூக்கக் கை பாதியில் நின்று யோசித்தது.

இல்லை, வேண்டாம், என்னைச் சுற்ற வேண்டாம். உங்களிடம் நான் கேட்பது வேறு. பிரகாசியின் வில் ஒடிந்தது, அவளுக்கு இனி இல்லை. ஆனால் அமலோற்பவத்தின் சாவிக்கு ஒன்றுமே ஆகவில்லை, எண்ணெய் நான்தான் போட்டுவருகிறேன். இருபது சுற்றுக் கொடுத்தால் அந்த மேல்படியில் காலை எடுத்து வைத்துவிடுவாள். ஒவ்வொரு வருஷமும் குடிலுக்கு விளக்குக் கட்டுகிற சாக்கில் பின்னால் போய், சாவியில் கை வைப்பேன், அவள் வாயைத் திறந்தால் முதலில் என்ன வரும் என்று நினைப்பேன், கையை எடுத்துவிடுவேன். எனக்குத் தைரியம் இல்லை. அதனால் நான் நின்றுபோன பிறகு, கேட்கிறதா, நின்றுபோன பிறகு, நீங்கள் குடிலுக்குப் பின்னால் போய், குடம் வைத்திருக்கிறவளுக்கு மெதுவாக இருபது சுற்று, அதற்குமேல் ஒன்றுகூட வேண்டாம்.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு உங்களைக் கேட்பாள், இதை யார் சொன்னது என்று. காற்று சொன்னது என்று சொல்லுங்கள். கடற்கரையில் ஒரு நாய் சொன்னது என்று சொல்லுங்கள். யார் கேட்டாலும், ஊர் கேட்டாலும், சாமியார் கேட்டாலும், முக்கியமாக அவள் கேட்டால், எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், இஞ்ஞாசி சொன்னான் என்று மட்டும்